கண் திறந்து சொன்ன ஆமென்

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் டவுன் சபையில் ஒரு பிளைவுட் கதவைச் செய்து நிறுத்தி அதில் ஆணி அடிப்பார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் லுத்தர் என்கிற துறவி, பாவமன்னிப்பைச் சீட்டுப் போட்டு விற்ற திருச்சபையைக் கேள்வி கேட்டுக் கோயில் கதவில் தாள் அடித்ததாகச் சொல்வார்கள் அல்லவா, அந்த நாள். சீர்திருத்தத் திருநாள் என்று எங்களுக்குப் பெரிய பண்டிகை. சுத்தியல் சத்தத்துக்குப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும், பெரியவர்கள் கை தட்டுவார்கள், பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். புரட்சி எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

லுத்தர் வேஷம் எப்போதும் டவுன்காரருக்குத்தான். கிளைச்சபையான நடுவாய்க்காலிலிருந்து போகிற எங்களுக்கு, மன்னிப்புச் சீட்டை வரிசையில் நின்று வாங்குகிற ஏமாளிகள் வேஷம். நானும் பாவாடை கட்டிய வயதில் ஏமாளியாக நடித்திருக்கிறேன். தத்ரூபமாக இருந்தது என்று பாராட்டினார்கள்.

டவுன் சபைக்காரர்கள் எங்களுக்கு இரண்டு தலைமுறை முந்திப் படித்தவர்கள். உத்தியோகம் பார்த்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள். நாங்கள் பண்ணையில் நடவு நட்டவர்களின் பிள்ளைகள். இப்போது கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை, வீட்டுக்கு ஒரு பட்டதாரி என்று தலை நிமிர்ந்திருக்கிறோம். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் அது எங்கிருந்தோ உலர்ந்து திரும்பி வந்துவிடும்.

என் பெயர் செம்மொழி. ஞானஸ்நானப் பதிவில் ரூத். அப்பாவுக்குக் கட்சியும் வேண்டியிருந்தது, கர்த்தரும் வேண்டியிருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வருடா வருடம் நாடகம் எழுதுகிறவர் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டதால், இந்த வருடம் அது என் தலையில் விழுந்தது. சபைச் செயலாளர் தங்கையன், ஓய்வுபெற்ற துணை தாசில்தார், போன் செய்து சொன்னார்: "புதுசா ஒண்ணும் வேணாம் டீச்சர். கதவு இருக்கு, சுத்தியல் இருக்கு. வசனத்த மட்டும் கொஞ்சம் மெருகேத்திக் குடுங்க."

மறுக்காமல் ஒப்புக்கொண்டேன். தங்கையன் தயவு எனக்குத் தேவையாக இருந்தது, என் தங்கை செந்தாமரைக்காக.

செந்தாமரை இறையியல் படித்தவள். சென்னையில் படித்து, முதல் வகுப்பில் தேறி, குருப்பட்டம் வாங்கி ஒரு சபையை நடத்தலாம் என்று வந்து உட்கார்ந்தவள். உட்கார்ந்தபடியே இருக்கிறாள். நடுவாய்க்காலுக்கு மாதம் ஒரு முறைதான் டவுனிலிருந்து ஐயர் வருவார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் செந்தாமரைதான். ஆனால் குருப்பட்டம் இல்லாதவள் திருவிருந்து கொடுக்கக் கூடாது, அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொட்டு ஆசீர்வதிக்கக் கூடாது, ஞானஸ்நானம் கூடாது, அடக்க ஆராதனை கூடாது. மீறினால் குருப்பட்டத்துக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் குருவின் அங்கி இல்லை.

ஆவணியில் எங்கள் தெரு இளையபெருமாள் மாமா செத்துப்போனார். ஐயர் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தை நடத்திக்கொண்டிருந்தார். குழி வெட்டி, பிணத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. மாமாவின் பெண்சாதி அம்சம் அத்தை, செந்தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"நீயே நாலு வார்த்த சொல்லேன் தாமர. அவருக்கு ஒன் ஜெபந்தான் புடிக்கும்."

"எனக்கு அனுமதி இல்ல அத்தை," என்றாள் செந்தாமரை. வேதப்புத்தகத்தை மழையில் நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். ஐயர் வந்து சேர்ந்தபோது இருட்டப் போகிற நேரம். கல்யாணச் சந்தனம் கையில் மணத்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஊரே திரண்டு போய்ச் செந்தாமரையை எங்களுக்கு ஐயராகப் போடச் சொல்லிக் கேட்டது. தங்கையன் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். அவர் துணை தாசில்தாராக இருந்த காலத்திலும் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லையாம்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். மெருகேற்றத்தானே சொன்னார், ஆனால் வரலாற்று டீச்சரிடம் கொடுத்தால் அவள் படிக்காமல் விடுவாளா? படித்தேன். கதவில் தாள் அடித்து எட்டு வருடம் கழித்து நடந்ததைப் படித்தபோது, வைத்திருந்த காபி ஆறிப்போனது.

வேதத்தை அவரவர் தாய்மொழியில் அவரவரே படிக்கலாம், கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகர் வேண்டாம், கிறிஸ்தவன் சுதந்திரமானவன் என்று லுத்தர் சொன்னதை முதலில் நெஞ்சில் ஏந்திக்கொண்டது உழவர்கள்தான். அவர்களில் பாதிப் பேர் பண்ணையடிமைகள். பிரபுவின் வயலில் வெட்டி வேலை, பிரபுவின் ஆற்றில் மீன் பிடித்தால் தண்டனை, வீட்டில் ஆள் செத்தால் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். அவர்கள் கூடிப் பேசி, தோலாடை தைக்கிற ஒரு தொழிலாளியை வைத்துத் தங்கள் கோரிக்கைகளை எழுதினார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் வேதவசனம். எங்களை அடிமையாக வைக்காதே, காடும் ஆறும் எல்லாருக்கும் பொது. ஆனால் இவையெல்லாம் பிறகுதான். முதல் கோரிக்கை என்ன தெரியுமா? எங்கள் ஊருக்குப் போதிக்கிறவரை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, விளைச்சலில் பத்தில் ஒன்றாக நாங்கள் கொடுக்கிற தசமபாகத் தானியத்தில் அவர் சாப்பிடட்டும், மிச்சம் ஏழைகளுக்குப் போகட்டும்.

நான் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டேன். எதிரே சம்பா நாற்று பச்சையாக நின்றது.

லுத்தர் முதலில் பிரபுக்களைத்தான் கண்டித்தார். கோட்டைகள் எரியத் தொடங்கியதும் மாறினார். ஆன்மாவின் சுதந்திரத்தை உடம்புக்கும் கேட்கிறார்கள் என்று கோபித்து, அவர்களை வெட்டிச் சாய்க்கலாம் என்கிற அளவுக்கு எழுதினார். பல்லாயிரக்கணக்கில் வெட்டினார்கள். அதன் பிறகு சீர்திருத்தம் பிரபுக்களின் கைக்குள் போனது. தங்கள் நாட்டுச் சபைக்குப் போதகர் யார் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு லுத்தரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். முடியவில்லை. பையன்களோடு பெண்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் கேட்டதும் அதே ஆள். குருமார்கள் ஒளித்துக் குடும்பம் நடத்தாமல் ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டது அவரால். அவர் வழியில் வந்த ஜெர்மன்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழில் அச்சடித்தார்கள், பள்ளி வைத்தார்கள். அந்த அலை மெல்ல மெல்ல நடுவாய்க்கால் வரைக்கும் வந்து நனைத்ததால்தான் நான் டீச்சர். கதவைத் திறந்துவிட்டவரே, உள்ளே வந்தவர்களைப் பார்த்துப் பயந்துபோனார். எனக்கு அவர் மேல் நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் உழவர்களுக்கு ஒரு காட்சி எழுதினேன்.

காட்சியில் உழவர்கள் பிரபுவிடம் போய்க் கோரிக்கை வைப்பார்கள். பிரபு முடியாது என்பான், லுத்தரும் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார். பிரபு என்றால் யாருக்குப் புரியும் என்று மிராசுதார் என்றே எழுதினேன். உழவர் தலைவனாக, அறுப்பு மெஷின் ஓட்டுகிற பகலவன். மேடை ஏறிப் பழக்கமில்லாதவன், ஆனால் எங்கள் ஊர் ஜெபக் கூட்டங்களில் அவன் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும், அவ்வளவு நீளம். ஒத்திகையில், "எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம்" என்று அவன் சொன்னபோது எல்லாரும் திரும்பிச் செந்தாமரையைப் பார்த்தார்கள். அவள் வேதவசனங்கள் வாசிக்கிற பொறுப்பில் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

செய்தி டவுனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? தங்கையன் வீட்டுக்கே வந்துவிட்டார். வெயிலில் வந்த மனிதருக்கு மோர் கொடுத்தேன். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த வருடம் எங்கள் தெருவுக்குப் படகில் அரிசி கொண்டுவந்தவர்.

"அந்த உழவர் சீனு வேணாம் டீச்சர். பண்டிகையும் அதுவுமா லுத்தரக் கொறச்சுச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"நடந்ததுதானே ஐயா?"

"நடந்ததெல்லாம் மேடையில ஏத்தணுமா?" மோரைக் குடித்து முடித்தார். "அதோட, ஒங்க ஆளுங்க மேடையில நின்னு ஐயரத் தேர்ந்தெடுப்போம்னா, யாரச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஆளுங்களுக்குக் கோவம் வரும். அத எடுத்துடுங்க. நான் சபைச் சங்கத்துல பேசித் தங்கச்சி பேர மேல அனுப்பி வைக்கிறேன். கிறிஸ்மஸுக்குள்ள அங்கி போட்டுடலாம்."

அவர் போனதும் அந்தக் காட்சியை அடித்துவிட நான் பேனாவை எடுத்துவிட்டேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான். ஒரு காட்சி போனால் போகட்டும், செந்தாமரைக்கு அங்கி கிடைக்கட்டும், ஊருக்குச் சாவுக்கும் வாழ்வுக்கும் ஓர் ஆள் கிடைக்கட்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சந்தோஷமாகச் செந்தாமரையிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"எத எதுத்துக்கா அந்தக் கதவுல ஆணி அடிக்கிறோம்?"

"பாடம் நடத்தாத."

"சொல்லுக்கா."

"விக்கக் கூடாதத வித்ததுக்கு."

"வாய மூடுறதுக்கு வெலயா ஒரு அங்கிய வாங்கி, அதப் போட்டுக்கிட்டு நின்னு நான் எதப் பிரசங்கம் பண்றது? அந்தச் சீன்ல கை வெக்காத. எனக்குக் கெடைக்கலேன்னா கெடைக்காமப் போவட்டும்."

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. இப்படி ஒருத்தியைப் பெற்றுவைத்த அம்மாவோடும் பேசவில்லை. ஆனால் காட்சி இருந்தது இருந்தபடியே இருந்தது.

பண்டிகை இந்த முறை சனிக்கிழமை. டவுன் கோயில் நிறைந்துவிட்டது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, பந்தலில் பிரியாணி தம்மில் இருந்தது. ஐக்கிய விருந்து என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஏமாளிகள் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்கள். ஆணி அடித்தார்கள், கை தட்டினார்கள். அடுத்து, சாக்குத் துணியில் தைத்த சட்டையோடு எங்கள் ஆட்கள் உழவர்களாக ஏறினார்கள். வெல்வெட் அங்கி போட்ட ஒரு டவுன் கல்லூரிப் பையன் மிராசுதாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் தங்கையன் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பகலவன் முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை.

நான் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காதில் விழவில்லை. அவன் கூட்டத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், சாக்குச் சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியது. பிறகு, பயந்தால் என்ன செய்து பழக்கமோ அதைச் செய்தான். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஜெபிப்போமா," என்றான்.

எங்கள் சபைகளில் அந்த வார்த்தையைக் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. மிராசுதாரும் நாற்காலியை விட்டு எழுந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆண்டவரே, இது ஸ்கிரிப்டில் இல்லை என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள் பரலோகப் பிதாவே. நாங்க சேத்துல நிக்கிற ஜனங்க. எங்க நெல்லு எல்லா ஊருக்கும் போவுது, எங்க ஊருக்கு ஒரு மேய்ப்பன் வரமாட்டேங்குறாரு. இளையபெருமாளு மாமா குழியில மழையில கெடந்தத நீர் பார்த்தீர். எங்களுக்கு வார்த்த சொல்றவங்கள நாங்களே தெரிஞ்சுக்கக் கிருபை செய்யும். உம்முடைய பிள்ளை செந்தாமரைய எங்களுக்குக் குடும். தடையா இருக்கிறவங்க மனசயும் தொறந்து குடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே."

"ஆமென்," என்றது கோயில் முழுக்க. அப்படியொரு ஆமென். தங்கையன் குரலும் அதில் தெளிவாகக் கேட்டது. அவர் குரல் கனத்த குரல், பாட்டிலும் தனியாகத் தெரியும்.

கண்களைத் திறந்த பிறகுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்று எல்லாருக்கும் உறைத்தது. முடியாது என்று சொல்ல வேண்டிய மிராசுதார் பையன், ஆமென் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். எங்கோ ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. ஐந்நூறு வருடம் கழித்து, முதல் கோரிக்கை ஏகமனதாக நிறைவேறிவிட்டது! ஓடிப்போய்ப் பகலவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது செந்தாமரை மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம். நீங்க எல்லாரும் ஆமென் சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அது பழக்கத்துல வந்த ஆமென். அத வெச்சுக்கிட்டு நான் ஒங்களப் பிடிச்சுக்க மாட்டேன்." மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். "இப்பக் கண்ணத் திறந்து, என்னப் பார்த்து, மனசு இருக்கிறவங்க மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா இல்லன்னு சொல்லுங்க. பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

அடிப் பாவி, கையில் விழுந்ததைத் தூக்கித் திரும்பக் கொடுக்கிறாயே என்று திரைக்குப் பின்னால் முணுமுணுத்தேன்.

பின்வரிசையில் அம்சம் அத்தை எழுந்து நின்றாள். செந்தாமரையை நேராகப் பார்த்து, "ஆமென்," என்றாள். அடுத்தடுத்து எங்கள் ஊர்ப் பெஞ்சுகள் முழுக்க எழுந்து நின்று சொன்னார்கள். மேடையில் சாக்குச் சட்டைக்காரர்கள் சொன்னார்கள். நானும் திரையை விலக்கிக்கொண்டு வந்து சொன்னேன்.

டவுன் பெஞ்சுகளில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு அம்மா பிள்ளையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கூரை அதிரச் சொன்ன அதே வாய்கள். தங்கையன் எழுந்தார். செந்தாமரையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பிரியாணி ஆறிடும். மத்தத அப்புறமா... எல்லாரும் பந்தலுக்கு வாங்க," என்றார்.

இல்லை என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை. அந்தக் காலத்துப் பிரபுக்களாவது நேராக முடியாது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். கண்ணை மூடிக்கொண்டால் நாங்கள் எல்லாரும் ஒரே சபை. திறந்தால் நாங்கள் பின்பெஞ்சு.

நாங்கள் பிரியாணி சாப்பிடவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாரும் வெளியே வந்து, காலையில் வந்த குட்டியானைச் சரக்கு வண்டிகளில் ஏறிக்கொண்டோம். வேஷம்கூடக் கலைக்கவில்லை. தார்ப்பாயில் மழை விழுந்தது. வாய்க்கால் ஓரத்துப் பாதையில் எங்கள் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. பகலவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எல்லாத்தயும் கெடுத்துட்டேங்க்கா," என்று சொல்லிக்கொண்டே வந்தான். செந்தாமரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் அழவில்லை. ரொம்ப நாளாக அவளிடம் இருந்த ஏதோ ஒரு தயக்கம் இறங்கிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அம்சம் அத்தைதான் முதலில் பேசினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆராதன எத்தன மணிக்குத் தாமர?"

"ஒம்போதுக்கு அத்தை."

அத்தை கொஞ்சம் இழுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "திருவிருந்து?"

ஐயர் வருகிற ஞாயிறு அது இல்லை என்று அத்தைக்கும் தெரியும். ஐயர் இல்லாமல் செந்தாமரை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்றும் எல்லாருக்கும் தெரியும். படித்த படிப்பு, காத்திருந்த வருடங்கள், அங்கி எல்லாம் ஒரே காலையில் போய்விடும். எனக்குப் பயமாக இருந்தது. அவள் பதில் சொல்லிவிடுவதற்கு முன்னால் நானே, "ஐயர் அடுத்த வாரந்தானே அத்தை..." என்று ஆரம்பித்தேன். செந்தாமரை என் கைமேல் கையை வைத்து நிறுத்தினாள்.

வண்டியில் இருந்த ஒவ்வொருவரையும் அவசரமில்லாமல் பார்த்தாள். யாரும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"உண்டு அத்தை," என்றாள். "அப்பம் மட்டும் நீங்க சுட்டு எடுத்துட்டு வாங்க."